மெத்தையில் தைத்த உபயம்

சாந்தினிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். பினாங்கு லெபோ பசார் தெருவில் கந்தப்புவின் ரப்பர் முத்திரைக் கடைக்கு வந்து போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "அக்கா மெதுவா பேசறாங்கன்னா கொஞ்சம் தள்ளி நில்லுலா" என்று பக்கத்துப் பூக்கடைக்காரர் புது ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்.

முத்திரைக்கு ஊரில் சாப்பு என்றுதான் பெயர். எழுத்தைக் கணினியில் கோத்து, இடவலமாகத் திருப்பிப் போட்டு, ரப்பரில் வெட்டி, பிடியில் ஒட்டிக் கொடுப்பது சாந்தினியின் வேலை. ஒன்பது வருடப் பழக்கத்தில், திரும்பிய எழுத்தை நேர் எழுத்தைவிட வேகமாகப் படிப்பாள். பினாங்கில் எந்தச் சங்கத்தில் யார் தலைவர், யார் தலைவர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரே சங்கத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேர் தலைவர் சாப்பு கேட்டு வந்தால், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் இரண்டையும் செய்து கொடுப்பாள். சண்டை அவர்கள் பாடு.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பாலத்துக்கு அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கும் வேலையில் இருந்தாள். காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனவளை ஒரு லாரி தட்டிவிட்டுப் போனது. இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்ச்சியும் போயிற்று. அசைவு போனதற்காக அழுத ஊர், உணர்ச்சி போனதைப் பற்றிக் கவலையே படவில்லை. "வலி தெரியாதாமே, அதுவே பெரிய புண்ணியம்லா" என்று ஆறுதல் சொன்னவர்கள்கூட உண்டு. அந்தப் புண்ணியம் என்ன செய்யும் என்பதை இரண்டாவது வருடம் தெரிந்துகொண்டாள். சக்கர நாற்காலியில் பழைய நுரை மெத்தை ஒன்றின் மேல் நாள் முழுக்க உட்கார்ந்ததில், உட்காரும் எலும்புக்கு நேராகத் தோல் சிவந்து, பிறகு கறுத்து, பிறகு இருபது சென் காசு அளவுக்கு ஓட்டையானது. மேலே காசு அளவு, உள்ளே எலும்பு வரைக்கும் குழி. எட்டு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தாள். வேலை போயிற்று. பேசி முடித்திருந்த கல்யாணமும் போயிற்று. அந்த எட்டு மாதத்தை அவள் யாரிடமும் விவரித்துச் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, நீளப் பிடி வைத்த கண்ணாடியைப் பின்னால் நீட்டித் தன் தோலைப் பார்க்காமல் இருந்ததுமில்லை.

உட்காருவது அவளுக்கு ஓய்வு இல்லை, வேலை. கால் மணிக்கு ஒரு தரம் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, முப்பது எண்ணி இறக்குவாள். மிச்சத்தை மெத்தை பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வருடத் தொடக்கத்தில் அந்த மெத்தைக்கு வயதாகிவிட்டது. காலையில் அடித்த காற்று மதியத்துக்குள் இறங்கியது. ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேலேயே ஒட்டுப் போட்டாகிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சையாளர் நூர் ஃபாத்திஹா மூன்று மெத்தைகளை எடுத்து வைத்து, ஒரு முழுக் காலைப்பொழுதை அவளுக்காக ஒதுக்கினாள். நுரை, ஜெல், காற்று. ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தாள். அடியில் கையைவிட்டு எலும்பு தரைதட்டுகிறதா என்று பார்த்தாள். பிறகு படுக்க வைத்துத் தோலைப் பார்த்தாள். நுரையில் சிவப்பு சீக்கிரம் வந்தது. ஜெல் கனம், நாற்காலியை மடித்து வண்டியில் ஏற்றும்போது அதைத் தனியாகத் தூக்க ஆள் வேண்டும். காற்று மெத்தையில்தான் உடம்பு அமிழ்ந்து, பாரம் பரவி உட்கார்ந்தது. ரப்பர் அறைகள் முட்டைத் தட்டுபோல வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்து கொடுக்கும். அதுதான் அதன் சூட்சுமம். அகலம் பதினாறு அங்குலம், உயரம் மூன்று. அதற்குமேல் உயர்ந்தால் சாந்தினியின் முட்டி சாப்பு மேசைக்கு அடியில் போகாது.

"காக், நாங்க சொல்றது இருக்கட்டும். நீங்க எதைச் சொல்றீங்க?" என்று மலாயில் கேட்டாள் நூர் ஃபாத்திஹா. அக்காவை அவர்கள் காக் என்பார்கள்.

பன்னிரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களைச் சாந்தினி ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். "காற்றுதான்" என்றாள். அளவெல்லாம் போட்டு, கூடவே வரும் மெல்லிய, இழுத்தால் நீளும் துணி உறையைத்தான் போட வேண்டும் என்றும் எழுதி, நூர் ஃபாத்திஹா ஒரு கடிதம் கொடுத்தாள்.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். அரசாங்கத்துக்கு மனுப் போட்டால் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. சாந்தினியின் தம்பி யுகேந்திரன் மாக் மண்டினில் டயர் கடை வைத்திருப்பவன். அக்காவுக்காக உயிரைக் கொடுப்பான், ஆனால் அக்கா சொல்வதைப் பாதிதான் கேட்பான். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகத் திருநாவுக்கரசுவிடம் போய்விட்டான்.

திருநாவுக்கரசு கன்டெய்னர் லாரி கம்பெனி முதலாளி, அக்கரை அன்புக்கரம் நற்பணிக் கழகத்தின் தலைவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கொடுக்கிற கை. ஆனால் கொடுத்தது எல்லாவற்றிலும் பெயர் இருக்க வேண்டும். கோயிலில் அவர் கொடுத்த டியூப்லைட்டில் 'உபயம்: திருநாவுக்கரசு குடும்பத்தார்' என்று சிவப்பு எழுத்தில் எழுதி எழுதி, வெளிச்சம் வர இடமில்லாமல் போனது. மின்விசிறி இறக்கையில் எழுதியிருக்கிறார். அது சுற்றும்போது யார் படிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. தமிழ்ப்பள்ளியில் தண்ணீர் வடிகட்டி, மண்டபத்தில் நாற்காலி முதுகு, சாப்பாட்டுத் தட்டின் நடு என எதையும் விட்டு வைக்கவில்லை. இதில் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். பெயர் இல்லாமல் கொடுத்தால் கொடுத்தது சாமிக்கே தெரியாது என்று நினைப்பு.

செபராங் ஜெயாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா வைத்தார்கள். இரண்டு மணிக்கு என்று போட்டு, வழக்கப்படி மூன்றுக்குத் தொடங்கினார்கள். யுகேந்திரன் வேனில் பாலம் தாண்டிக் கூட்டிப்போனான். மேடைக்குச் சரிவுப் பாதை இல்லை. "தூக்கிடலாம்லா, என்ன இப்ப?" என்று நான்கு பேர் வந்து, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். பொன்னாடை போட்டார்கள். அப்புறம் திருநாவுக்கரசு புது மெத்தையை இரண்டு கையாலும் தூக்கி, சபையைப் பார்த்துத் திருப்பிப் பிடித்தார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. படம் எடுத்தார்கள். சபைக்குத் தெரிந்தது மெத்தையின் முகம். பின்னால் இருந்த சாந்தினிக்குத் தெரிந்தது அடிப்பாகம் மட்டும். மரூன் நிற வெல்வெட்.

"இது என்ன உறை? லெட்டர்ல வேற உறை எழுதியிருக்குடா" என்றாள் தம்பியிடம்.

"நல்லா இருக்கட்டும்னு மாத்திருக்காங்க. மேடையில வச்சு ஒண்ணும் சொல்லாதக்கா, ப்ளீஸ்."

அவள் மறுவார்த்தை பேசுமுன் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, ஒருவர் பழைய மெத்தையை உருவிப் புதியதைச் செருக, அவளை அதன்மேல் இறக்கிவிட்டார்கள். மடியில் ஒரு பழத்தட்டை வைத்தார்கள். தட்டில் அன்னாசி முதற்கொண்டு இருந்தது. கால் மணி நேரம் கழித்துக் கையை ஊன்றி உடம்பைத் தூக்கப் போனவளிடம், ஒலிபெருக்கி பிடித்திருந்தவர் ஓடிவந்து காதருகில் சொன்னார்: "அசையாம இருங்க தங்கச்சி, வீடியோ ஓடுது."

அசையாமல் இருந்தாள். ஒன்பது பேர் பேசினார்கள். அவள் பேசுவதாக நிகழ்ச்சி நிரலில் இல்லை. நன்றி சொல்வதற்குக்கூட அவளுக்குப் பதிலாக வேறு ஒருவர் இருந்தார். வீடு வந்து சேரும் வரைக்கும் கணக்குப் போட்டால் மூன்றரை மணி நேரம்.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் தன் தரைத்தள வீட்டில் கட்டிலுக்கு மாறி, வழக்கம்போல ஒருக்களித்துப் படுத்துக் கண்ணாடியை நீட்டினாள். முதலில் என்ன பார்க்கிறோம் என்று புரியவில்லை. பிறகு படித்தாள். இடது பக்க எலும்புக்கு நேரே 'பயம்' என்று இருந்தது. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய 'உ' லேசாக. வலது பக்கம் 'திருநா' வரைக்கும் தெளிவாக விழுந்திருந்தது, மிச்சம் மங்கல். ஒவ்வொரு எழுத்தும் கருஞ்சிவப்பில் புள்ளி புள்ளியாக.

சாப்பு வேலை செய்பவளுக்கு விளக்கம் தேவையில்லை. மெத்தையில் நேராக இருந்த எழுத்து உடம்பில் திரும்பி விழுந்திருக்கிறது. கண்ணாடி அதை மறுபடியும் நேராக்கிக் காட்டுகிறது. நாற்காலியை இழுத்து மெத்தையைப் பார்த்தாள். கல்யாண ரவிக்கைக்குப் போடுவார்களே, அந்த ஆரி வேலை. தங்க ஜரிகையில் கட்டம் கட்டி, உள்ளே எழுத்து முழுக்கப் பாசிமணி. நெருக்கமாக, அழகாக, ஒரு மணிகூடக் கோணாமல் தைத்திருந்தார்கள். விறைத்த வெல்வெட், கீழே இருந்த ரப்பர் அறைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தது. ஒன்றும் அசைந்து கொடுக்க வழியில்லை. சருமம் புண்ணாகாமல் இருக்கவென்றே செய்த ஒரு சாமானை வாங்கி, அதன்மேல் மணியைத் தைத்து, அதன்மேல் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள்!

விரலால் ஒரு புள்ளியை அழுத்தி எடுத்தாள். நல்ல தோல் என்றால் வெளுத்துவிட்டுச் சிவக்கும். இது வெளுக்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அந்தப் பழைய எட்டு மாதம் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் நூர் ஃபாத்திஹா குனிந்து, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "இது எழுத்தா?" என்று கேட்டாள். சாந்தினி படித்துக் காட்டினாள். நூர் ஃபாத்திஹாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தோல் இன்னும் திறக்கலை காக். திறக்காம பார்த்துக்கலாம். ஆனா உட்காரவே கூடாது. ஒரு நிமிஷம்கூட." அந்த உறையைக் கழற்றி வீசச் சொன்னாள். கூடவே வந்த உறை எங்கே என்று கேட்டாள். அது ஆரிக் கடையில் எங்கோ தொலைந்து போயிருந்தது.

பதினைந்து நாள் குப்புறக் கிடந்தாள் சாந்தினி. பக்கத்து வீட்டு மர்ஜானா சோறு கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவாள். கந்தப்பு போனில் தன் யாழ்ப்பாணத் தமிழில், "நீர் ஆறுதலா வாரும் பிள்ளை, கடை எங்க ஓடப்போகுது" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் எட்டு மாதம் என்று ஆனால் எந்தக் கடையும் ஆளில்லாமல் காத்து நிற்காது என்பது இருவருக்கும் தெரியும். தினமும் காலையில் மர்ஜானாவைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லிப் பார்ப்பாள். 'திருநா' நான்காம் நாள் மங்கத் தொடங்கியது. 'பயம்' போகவே மாட்டேன் என்றது.

ஐந்தாம் நாள் யுகேந்திரன் பத்திரிகைத் துண்டோடு வந்தான். அரைப் பக்கம். படத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலைக்கு மேலே, 'அன்பளிப்பால் ஆனந்தக் கண்ணீர்' என்று போட்டிருந்தது. அவள் அழவே இல்லை.

"நீ அந்த உறையப் பாத்தியாடா? போடறதுக்கு முன்னால?"

"பாத்தேங்கா."

"மணியப் பாத்தியா?"

"டிசைன்னு நெனச்சேன்." அவன் தரையைப் பார்த்தான். "அக்கா, நாந்தான் போய்க் கேட்டேன். கேட்டு வாங்கிட்டு எப்படிக்கா குறை சொல்றது? அவரு தெரிஞ்சு செய்யலைலா."

"தெரிஞ்சு செய்யலை. தெரிஞ்சுக்கவும் இல்லை. ஒரு முழுக் காலை உட்காந்து நான் தேடி எடுத்த மெத்தைடா அது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னைக் கேட்டிருந்தா போதும்." குரல் தாழ்ந்திருந்தது. தம்பிக்கு வியர்த்தது.

போகும்போது வாசலில் நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சொல்லியும் விட்டான். "தலைவரு தீபாவளிக்கு இன்னும் ஆறு பேருக்கு மெத்தை கொடுக்கறாராம். பைராம் தோட்டத்துல ஒரு சின்னப் பொண்ணு இருக்காம். அதே ஆரிக் கடையிலதான் உறைக்குச் சொல்லியிருக்காரு."

அதுவரை அவள் கோபம் தனக்காக மட்டும் இருந்தது, இப்போது அந்தச் சின்னப் பெண்ணுக்காகவும். அன்றைக்கு இரவுச் சோற்றை அவள் தொடவில்லை என்று மர்ஜானா சொல்வாள். கழகத்துக்குப் போன் போட்டாள். "தலைவர் பிஸி" என்றார்கள். மறுபடி போட்டாள். "தீபாவளி முடியட்டும்மா, பேசலாம்" என்றார்கள். மூன்றாவது தடவை எடுத்தவர், இத்தனை வருடக் கழகச் சேவையில் கொடுத்ததற்குப் புகார் வந்தது இதுதான் முதல் தடவை என்று வருத்தத்தோடு தெரிவித்தார்.

பதின்மூன்றாம் நாள் அழுத்தினால் வெளுத்தது. பதினைந்தாம் நாள், நூர் ஃபாத்திஹா எங்கிருந்தோ தேடிக்கொண்டு வந்த மெல்லிய உறையைப் போட்டு, முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி என்று உட்கார அனுமதித்தாள். யுகேந்திரன் டயர் கடைக்காரன் புத்தியில் காற்றை விறைக்க அடிக்க வந்தான். "வைடா அந்தப் பம்ப்பை" என்று பிடுங்கி, அடியில் கைவிட்டுப் பார்த்து, ஒரு விரல் இடம் விட்டு அவளே வால்வை மூடினாள். அந்த வாரக் கடைசியில் கடைக்குத் திரும்பினாள். மரூன் உறையைப் பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போனாள். திருநாவுக்கரசு வருவார் என்று தெரியும். தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் காகித உறைகளில் அடிக்க, தன் பெயரில் ஒரு சாப்புக்குக் கந்தப்புவிடம் சொல்லி வைத்திருந்தார்.

வந்தார். வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை. "நல்லா இருக்கியாம்மா? என்னமோ உடம்பு முடியலைன்னு தம்பி சொன்னான். மெத்தை எல்லாம் சௌகரியமா இருக்குல்ல?"

"உட்காருங்கண்ணே. சாப்பு இதோ ஆயிடும்."

வாடிக்கையாளர் உட்காரும் மர ஸ்டூலின்மேல் மரூன் வெல்வெட் விரித்திருந்தது. அவருக்குத் தன் பெயரைப் பார்த்து ஒரு மலர்ச்சி. "அட, இங்க வச்சிருக்கியா! நாலு பேரு பாக்கற இடம்" என்று உட்கார்ந்தார்.

சாந்தினி வேலையைத் தொடங்கினாள். பத்து நிமிடத்தில் முடிகிற வேலையை அன்றைக்கு அவள் அவசரப்படுத்தவில்லை. அவர் லாரி டீசல் விலையைப் பற்றிப் பேசினார். மூன்றாம் நிமிடம் வலது பக்கம் சாய்ந்தார். ஐந்தாம் நிமிடம் இடது பக்கம். பிறகு ஒரு தொடையை லேசாகத் தூக்கிப் பேசினார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. ஒன்பதாம் நிமிடம் எழுந்து நின்று, பின்புறத்தைத் தடவிக்கொண்டு, கடைச் சாமான்களைப் பார்ப்பதுபோல நடந்தார்.

"உட்காருங்கண்ணே."

"இல்லம்மா. குத்துதுலா."

அவள் கையிலிருந்த ரப்பரை மேசையில் வைத்தாள். "உங்களுக்குக் குத்துச்சு. எழுந்துட்டீங்க. எனக்குக் குத்தினது தெரியவே தெரியாதுண்ணே. மூன்றரை மணி நேரம் உட்கார வச்சீங்க. அசையாதன்னு வேற சொன்னாங்க. வீட்டுக்குப் போய் கண்ணாடி வச்சுப் பாத்தா, என் உடம்புல உங்க பேரு. சாப்பு அடிச்ச மாதிரி. படிக்கிற மாதிரி இருந்துச்சு. பதினஞ்சு நாள் குப்புறப் படுத்து அழிச்சேன்."

கந்தப்பு கல்லாவில் தலை நிமிரவில்லை. திருநாவுக்கரசுவின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் வேறு ஒன்றும் வரவில்லை.

"அழியாம தோல் திறந்திருந்தா எட்டு மாசம். ஒரு தடவை இருந்து பாத்தவ நான். சில பேர் அதுலேயே போயிருக்காங்க. தோட்டத்துல ஒரு சின்னப் பொண்ணுக்கு அனுப்பறீங்களாமே, அதுக்குக் கண்ணாடி வச்சுப் பாக்கத் தெரியுமா? அது எந்த மெத்தையில உட்காந்து பாத்துச்சு? அளவு யாரு எடுத்தது? அதை யாராவது கேட்டீங்களா?"

அவர் ஸ்டூலில் கிடந்த உறையை எடுத்து, மணிகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஆரிக் கடைக்குப் பேசினார். ஆறு உறையையும் நிறுத்தச் சொன்னார். பாதி தைத்தாகிவிட்டது என்றார்கள்போல. "பரவாயில்லை, நிறுத்து" என்றார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அந்த மலாய்ப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஆறு பேரையும் வேனில் அங்கே அனுப்பி, அவர்களே உட்கார்ந்து பார்த்து எடுக்கட்டும் என்றார். அதோடு போயிருக்கலாம். வாசல்வரை போய்த் திரும்பினார். கூச்சத்தோடு, சின்னக் குரலில் கேட்டார்.

"அப்போ பேரை எங்கம்மா போடறது?"

சாந்தினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேசையில் தயாராக இருந்த சாப்பை எடுத்தாள். மைப்பெட்டியைத் திறந்து, ஒரு கட்டு வெள்ளைக் காகிதத்தோடு அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல போடுங்கண்ணே. எத்தனை தடவை வேணும்னாலும் போடுங்க. காகிதத்துக்குப் புண் வராது."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் ஊன்றித் தன் உடம்பைத் தூக்கினாள். முப்பது எண்ணும் வரைக்கும் அவர் வாசலிலேயே நின்றார்.